சிறுநீரகத்தின் சின்னக் கதவுகள்



"கிட்னி சரியில்லைன்னு சொல்லிட்டாங்க. இளநீர் குடுக்கலாமா? வாழைத்தண்டுச் சாறு குடுக்கலாமா?" குழுக் கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும். நல்ல பொருள்தானே, இதில் என்ன யோசனை என்று தோன்றும். யோசிக்க வைப்பது அதிலுள்ள பொட்டாசியம்.

பொட்டாசியம் நமக்குப் புதுசு இல்லை. வயலுக்கு வாங்குகிற பொட்டாஷ் உரத்தில் இருப்பது அதுதான். நம்ம கரிசல் மண்ணில் இயற்கையாகவே பொட்டாஷ் அதிகம். தீப்பெட்டி வேலைக்குப் போகிற அக்காமாருக்குத் தெரியும், குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் சேர்க்கிறார்கள் (அது விஷம், வாயில் படக்கூடாது). செடி மண்ணிலிருந்து உறிஞ்சுகிற பொட்டாசியம் கீரை, பருப்பு, வாழைப்பழம், இளநீர் வழியாக நம்மிடம் வருகிறது.

உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் 100-க்கு 98 பங்கு செல்களுக்குள்ளேயே இருக்கும். இரத்தத்தில் இருப்பது துளிதான். லேப் ரிப்போர்ட்டில் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. தசை அசைவதும் இதயம் துடிப்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். குறைந்தால் கை கால் சோர்ந்துபோகும், துடிப்பு தாறுமாறாகும். ரொம்பக் கூடினால் இதயம் நின்றே போகலாம்.

இந்தக் கணக்கைப் பார்ப்பது சிறுநீரகம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் அவற்றில் வடிகிறது. அதில் ஒன்றரை லிட்டர் போல சிறுநீராகப் போகிறது, மீதி எல்லாம் திரும்ப இரத்தத்துக்கே வந்துவிடுகிறது. வடிந்த பொட்டாசியத்திலும் பெரும்பகுதி திரும்பிவிடும். எவ்வளவை வெளியே விடுவது என்ற முடிவு குழாயின் கடைசிப் பகுதியில்தான் நடக்கிறது. அங்கே செல் சுவரில் பொட்டாசியம் போவதற்கென்றே சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானதற்கு 'ரோம்க்' என்று பெயர். 1993-ல் இதை அடையாளம் கண்டார்கள்.

இந்தக் கதவில் ஒரு வேடிக்கை. நம்ம வீட்டுச் சல்லடையில் சின்னது விழும், பெரிசு நிற்கும். இங்கே தலைகீழ். சமையல் உப்பில் உள்ள சோடியம் பொட்டாசியத்தைவிடச் சின்னது, ஆனாலும் அதற்கு வழி இல்லை. இரண்டுமே தண்ணீரைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு வரும். கதவுக்குள் நுழைய அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கிற பிடிமானம் பொட்டாசியத்தின் அளவுக்குக் கச்சிதமாக அமைந்திருக்கிறது. சோடியத்துக்கு அது எட்டாது, அதனால் போர்வையை விடாமல் வெளியிலேயே நின்றுவிடும். இப்படிப்பட்ட ஒரு கதவின் அமைப்பை 1998-ல் காட்டிய அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கினனுக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கதவை யார் திறக்கிறார்கள்? சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் அது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை விடும். உடனே சோடியம் உள்ளே இழுக்கப்படும், பொட்டாசியம் வெளியே தள்ளப்படும். பொட்டாசியம் குறைந்தால் செல்லே பல கதவுகளைச் சுவரிலிருந்து உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் வருகிற பொட்டாசியத்தை இன்சுலின் தற்காலிகமாகத் தசைக்குள் ஒதுக்கி வைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த உதவியும் குறையலாம்.

சர்க்கரையும் பிரஷரும் வருஷக்கணக்கில் கட்டுப்படாமல் இருந்தால் வடிகட்டிகள் ஒவ்வொன்றாகக் கெடும். கதவுகளும் அதோடு போகும். அந்த நிலையில் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கீரை சூப் எல்லாம் உடம்பில் பொட்டாசியத்தைச் சேர்த்துக்கொண்டே போகும். பல நேரம் முன்னறிவிப்பே இருக்காது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். 6-ஐத் தாண்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் பொதுவாக அந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றே சொன்னது. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்க.

பிரஷருக்குத் தருகிற எனாலாப்ரில், டெல்மிசார்டன் மாத்திரைகள் ஆல்டோஸ்டிரோனைக் குறைக்கும், அதனால் பொட்டாசியம் கொஞ்சம் ஏறலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீங்க, சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் அதே மாத்திரை தேவைப்படுகிறது. டாக்டர் சொன்ன நாளில் இரத்தம் கொடுத்துப் பார்த்தால் போதும். எனக்குப் பெரிய கவலை, நாளெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்து இடுப்பு வலிக்கிறது என்று கடையில் தானாக வாங்குகிற வலி மாத்திரைதான். சிறுநீரகத்தையும் கெடுக்கும், பொட்டாசியத்தையும் ஏற்றும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் ஏராளமாக வெளியேறும். அதனால்தான் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு வைத்திருக்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த வீட்டுத் தண்ணீரில் அது கிடையாது. கால் வீக்கத்துக்குத் தருகிற 'நீர் மாத்திரை' பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். அங்கே டாக்டரே வாழைப்பழம் சாப்பிடச் சொல்லலாம்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கு வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை தருகிற தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களிலிருந்து வந்தவர்கள். வயிற்று வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு அதற்கான பையும் இத்திட்டத்தில் தரப்படுகிறது. தினமும் அப்படிச் செய்கிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்துவிடுவதும் உண்டு. ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு மூன்று முறை மெஷினில் செய்கிறவர்களுக்கு இடைப்பட்ட நாட்களில் அது ஏறும். ஆகவே ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சாப்பாட்டுப் பட்டியலை இன்னொருவர் வாங்கிப் பின்பற்றக்கூடாது. அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது கிரியாட்டினினோடு பொட்டாசியத்தையும் பார்க்கிறார்களா என்று கேளுங்க, அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்க.