கடல் நீரில் விளையும் தானியம்

நெல்லும் கோதுமையும் சோளமும் புல்லினத்தைச் சேர்ந்தவை. மக்கள் உண்ணும் உணவில் பெரும்பகுதியைப் புற்களே அளிக்கின்றன. ஆயினும், இப்பயிர்கள் யாவும் நன்னீரை நம்பி வாழ்பவை. கடல் நீர் புகுந்த வயலில் நெல் கருகிவிடும். உவர் பூத்த நிலத்தை உழவர் கைவிட்டுவிடுவர். இவ்வியல்புக்கு மாறாக, கடல் நீரிலேயே நின்று, உண்ணத்தக்க மணியைத் தரும் புல் ஒன்று உண்டு. நிப்பா என்பது அதன் பெயர்.

மெக்சிகோ நாட்டின் வடமேற்கில் சொனோரா என்னும் பெரும் பாலைவனம் பரந்து கிடக்கிறது. ராக்கி மலையில் பிறக்கும் கொலராடோ ஆறு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வந்து, இப்பாலைவனத்தின் வழியே கலிபோர்னியா வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. அதன் கழிமுகத்தில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கடலின் ஏற்றமோ மிகப் பெரிது. முழுநிலவு நாளிலும் மறைநிலவு நாளிலும் ஓதம் பல மீட்டர் உயர்ந்து, சேற்று நிலத்தை மூழ்கடித்துப் பின்பு வடியும். அச்சேற்றில்தான் நிப்பா தழைக்கிறது. கழிமுகத்திலுள்ள மாண்டேகு தீவில் அது அடர்ந்து வளர்ந்துள்ளது.

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. வேர் வழியே உட்புகும் உப்பை நிப்பா தன் இலைகளிலுள்ள நுண்ணிய சுரப்பிகளால் வெளியேற்றிவிடுகிறது. வெயிலில் நீர் உலர்ந்தபின், இலைமீது உப்புத் துகள்கள் படிந்திருக்கும். சேற்றில் காற்றோட்டம் இல்லையே என்னும் குறையும் இதற்கில்லை. மண்ணுக்கடியில் ஓடும் இதன் தண்டுகளில் காற்றுச் செல்லும் இடைவெளிகள் அமைந்துள்ளன. பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெண் செடியே மணி தரும்.

இம்மணியின் அருமையை முதலில் அறிந்தவர் குக்கப்பா எனப்படும் பழங்குடி மக்கள். அவர்கள் ஆற்றையே தம் வாழ்வாகக் கொண்டவர்கள். வேனில் தொடங்கும் காலத்தில் கதிர்கள் முற்றும். பொங்கி எழும் ஓதம் உதிர்ந்த மணிகளை வாரிக் கரையோரம் வரிசையாக ஒதுக்கிவிட்டுச் செல்லும். அவற்றை அவர்கள் திரட்டி, உலர்த்தி, மாவாக்கி உண்டனர். உழாமலும் விதைக்காமலும் கிடைத்த உணவு அது. எட்வர்டு பால்மர் என்னும் தாவர ஆய்வாளர் இப்புல்லை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1889-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே அதற்கு அறிவியற்பெயர் இடப்பட்டது.

பின்னர் ஆற்றின் நிலை மாறியது. 1936-இல் ஹூவர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1963-இல் கிளென் கேனியன் அணையும் நீரைத் தேக்கத் தொடங்கியது. வயல்களுக்கும் நகரங்களுக்கும் நீர் பிரித்தெடுக்கப்பட்டதால், ஆறு கடலை அடைவதே அரிதாயிற்று. கழிமுகத்தின் சதுப்பு நிலங்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கின. குக்கப்பா மக்களின் மீன்பிடிப்பும் வேளாண்மையும் குன்றின. நிப்பா அறுவடையும் மறைந்தது.

புல் மட்டும் அழியவில்லை. ஓதம் அதனைக் காத்து நிற்கிறது. அதனால் அதற்கு ஊறு இல்லை என்று கருதுதல் தவறாகும். அதன் தாயகம் மிகச் சிறியது. முன்பு ஆண்டுதோறும் ஆறு வண்டலைக் கொணர்ந்து கழிமுகத்தை வளர்த்தது. இன்று வண்டல் வருவதில்லை. கடலோ நிலத்தை அரிக்கிறது. வளர்ந்த செடி உப்பைத் தாங்கினும், உப்பு நிலத் தாவரங்களின் இளங்கன்றுகள் பொதுவாக அவ்வளவு வலிமையுடையன அல்ல. அவற்றுக்கு இடையிடையே நன்னீர் வந்து கலத்தல் நலம்.

1993-இல் மெக்சிகோ அரசு, வளைகுடாவின் வடபகுதியையும் கழிமுகத்தையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2014-இல் மெக்சிகோவும் அமெரிக்க ஐக்கிய நாடும் இசைந்து, ஏறத்தாழ 13 கோடி கனமீட்டர் நீரைச் சில வாரங்களுக்கு ஆற்றில் திறந்துவிட்டன. வறண்ட படுகையில் நீர் ஓடி, அவ்வாண்டு மே மாதத்தில் ஓதநீரோடு கலந்தது. 2017-இல் செய்துகொண்ட உடன்பாட்டிலும் ஆற்றின் நலத்துக்கென நீர் ஒதுக்கப்பட்டது.

உலகின் பல நாடுகளில் பாசன நிலங்கள் உவர் ஏறிப் பாழாகின்றன. அத்தகைய நிலத்திற்கேற்ற பயிராக நிப்பாவைப் பண்படுத்த இயலுமா என அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நெல்லும் கோதுமையும் இன்றைய நிலையை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. நிப்பாவோ இன்னும் காட்டுப்புல்லாகவே உள்ளது. அதனைப் பண்படுத்துவதற்கு முதலில் அது உயிரோடு இருத்தல் வேண்டும்.

விதைகளைச் சேமித்து வைத்தல் நன்றே. ஆயினும், அச்செயல் மட்டும் போதாது. சேறும் ஓதமும் ஆற்று நீரும் கூடிய இடமே நிப்பாவின் இல்லம். எந்த நாளில் கதிர் முற்றும், எந்த ஓதம் மணியை ஒதுக்கும் என்று அறிந்த மக்களின் அறிவும் அவ்வில்லத்தின் செல்வமே. ஒரு புல்லைக் காத்தல் என்பது இவை யாவற்றையும் ஒருங்கே காத்தலாகும்.