தழும்புக்குள் ஓடும் ரத்தக்குழாய்

காது குத்திய இடத்தில் சிலருக்குக் கட்டி போலத் தழும்பு வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். கெலாய்டு என்பது இதுதான். புண் ஆறிய பிறகும், காயத்தின் எல்லையைத் தாண்டிப் பரவும். அரிக்கும், சிலருக்கு வலிக்கும். மார்பு, தோள், காதுமடல் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள்.

கொலாஜன் என்ற புரதத்தை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிச் சுரப்பதே காரணம் என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். அது பாதிக் கதைதான். ரத்தக்குழாயின் உட்சுவரில் ஓடு பதித்தாற்போல அமைந்திருக்கும் எண்டோதீலியல் செல்களுக்கும் இதில் பங்குண்டு. இவை அழற்சி செல்களைத் தோலுக்குள் வரவழைக்கின்றன. டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் தூண்டுதலால், எண்டோதீலியல் செல்களில் சில தம் இயல்பையே மாற்றிக்கொண்டு, தாமும் கொலாஜன் சுரக்கத் தொடங்குகின்றன! செல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்த அண்மை ஆய்வுகளும் கெலாய்டில் இந்த மாற்றத்தைக் காட்டியுள்ளன.

வெட்டி எடுத்தால் தீர்ந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் மறுபடி வளரும் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் பட்டை போன்ற வழிகள் உண்டு. தழும்பு தடிக்கத் தொடங்கியதுமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.