புது கார்டு வேண்டாம், முதல்ல டெம்பரேச்சர் பாருங்க!

கேம் ஆரம்பத்துல சூப்பரா ஓடுது, இருபது நிமிஷத்துல திக்கித் திணறுதா? நானும் புது கிராபிக்ஸ் கார்டுக்கு அப்பாவிடம் பணம் கேட்டுவிட்டேன். ஆனால் உண்மையான குற்றவாளி சூடு.

புராசஸர் தன் வெப்ப வரம்பைத் தொட்டதும், கருகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் சிப்களுக்கு அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸ். இதுதான் தெர்மல் த்ராட்லிங்.

முதலில் அளந்து பாருங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ இலவசம்தான். அதை ஓடவிட்டு அரை மணி நேரம் விளையாடி, அதிகபட்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேன் இருந்தாலும் ரூம் வெப்பத்துக்குக் கீழே சிப் இறங்காது. அதனால் மே மாத ரீடிங்கை டிசம்பரோடு ஒப்பிடாதீங்க.

அடுத்து, சைடு பேனலைக் கழற்றிவிட்டு அதே டெஸ்ட். சூடு நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. டஸ்ட் ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்க. முன் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறதா, பின் ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்க. இறங்கவில்லையா? ஹீட்சிங்க் தூசியையும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் கவனியுங்க.

திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்க. ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்க. கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போயிடும்.

எனக்கு ஆன செலவு ஒரு பேஸ்ட் ட்யூப் மட்டும்தான். அப்பா பணம் அப்பாவிடமே பத்திரம்!