வெயிலில் மட்டும் மக்கர் செய்யும் கார்

நம்மில் பலர் வளாகத்திற்கு ஓட்டி வருவது அப்பா ஓட்டிப் பழசாக்கிய கார்தான். எனக்கு வாய்த்தது 1992-ஆம் ஆண்டுக் கார். காலையில் உடனே கிளம்பும். நண்பகல் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தாலோ ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரைமணி நேரம் கதவைத் திறந்து வைத்தால் சமர்த்தாகக் கிளம்பிவிடும்! பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றச் சொன்னார்கள். நானூறு வெள்ளி, என் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு.

சூட்டில் வரும் குறையைச் சூட்டில்தான் தேட வேண்டும். இவ்வகைக் கார்களில் சாவியைத் திருப்பியதும் பம்ப் இரண்டு விநாடி முனகும். கார் மறுபடி முரண்டு பிடித்தபோது காதைத் தீட்டிக் கேட்டேன், முனகல் இல்லை. (முனகல் இருந்து தீப்பொறி வராவிட்டால் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம்.) பம்புக்குப் போகும் கம்பியில் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. ஆக, மின்சாரம் வழியிலேயே நின்றுவிடுகிறது.

வழியில் இருப்பது டாஷ்போர்டுக்குக் கீழுள்ள ரிலே. அதன் உள்பலகையில் கம்பிக் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று, பல்லாண்டு சூடேறிக் குளிர்ந்ததில் மயிரிழையாக வெடித்துவிடும். காலும் பலகையும் ஒரே அளவில் விரிவதில்லை. சூட்டில் வெடிப்பு வாய் திறக்கும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும்.

மறுநாள் காலை, நன்றாக ஓடும் நேரத்தில், தங்கையின் ஹேர்டிரையரால் ரிலேக்கு மட்டும் சூடு காட்டினேன். ஐந்தே நிமிடம், முனகல் நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டது!

பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். செலவு, ஈயக்கம்பிக்கு ஐந்து வெள்ளி.