மலை, ஓடை, மேய்ச்சல் நிலம் யாருக்கு சொந்தம்? அரிட்டாபட்டி மக்கள் ஜெயித்தது எப்படி?

எறையூர்:

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை தாலுகாவில் உள்ள எறையூர் என்றதும் சர்க்கரை ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். 2022-ல் சிப்காட் தொழில் பூங்காவும் திறக்கப்பட்டது. ஆனால் ஆலைக்கு கரும்பு வரணும்னா கிணற்றில் தண்ணீர் இருக்கணும். அந்த தண்ணீரின் தாய்வீடு மேற்கே தெரியும் பச்சைமலை.

பச்சைமலை பக்கம் பெய்யும் மழைதான் கல்லாறு, சின்னாறு என ஓடிவந்து வெள்ளாற்றில் சேருகிறது. வழியில் உள்ள ஏரி, குளம் நிரம்பினால்தான் சுற்றுப்பட்டு கிணறுகளில் ஊற்று எடுக்கும். மாவட்டத்தின் பெரும்பகுதி பாறை பூமி. பாறை வெடிப்பில் தங்கும் தண்ணீர் கொஞ்சம்தான். எனவே வாய்க்கால் அடைபட்டாலோ, கரட்டை வெட்டி எடுத்தாலோ முதலில் கிணறு வற்றும். அதற்குப் பிறகு ஆடு, மாட்டுக்கு மேய்ச்சல் இருக்காது.

கல்லுக்கு எவ்வளவு கிராக்கி என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2023 அக்டோபர் 30-ந்தேதி பெரம்பலூர் கலெக்டர் அலுவலக வளாகத்தில் கல்குவாரி ஏலத்துக்கு விண்ணப்பம் போடும்போதே அடிதடி நடந்தது. ஏலமும் ரத்து ஆனது.

அரிட்டாபட்டி கதை

மலையை ஊர்மக்களே காப்பாற்ற முடியுமா? முடியும் என்று காட்டியது மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி. அங்கே 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் இருப்பதாக அரசு கணக்கு சொல்கிறது. 250 வகை பறவைகள் உள்ளன. 2 ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி கல்வெட்டும் உண்டு. கிரானைட் குவாரிக்கு முயற்சி நடந்தபோதே ஊர்மக்கள் எதிர்த்து நின்றவர்கள். 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பகுதியை தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமாக அரசு அறிவித்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், 2024 நவம்பரில் அடுத்த இடி. டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட நாயக்கர்பட்டி பகுதியில் 2 ஆயிரத்து 15 ஹெக்டேர், அதாவது சுமார் 5 ஆயிரம் ஏக்கரை ஏலம் விட்ட மத்திய அரசு, ஏலம் எடுத்த கம்பெனியை அறிவித்தது. பாரம்பரிய தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள் வந்தது.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். கடை அடைத்தார்கள். டிசம்பர் 9-ந்தேதி சட்டசபையிலும் எதிர்ப்பு தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ந்தேதி மேலூர் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளத்துக்கு நடந்தே போனார்கள். ஜனவரி 23-ந்தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. இரண்டரை மாதம்தான். கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஊர் ஒன்றாக நின்றது பெரிய பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஏரி, ஓடை, மந்தைவெளி, மேய்ச்சல் தரை எல்லாம் அரசு கணக்கில் புறம்போக்கு. "புறம்போக்குதானே, யார் வேணும்னாலும் வளைக்கலாம்" என்ற நினைப்பு தவறு. 2011 ஜனவரி 28-ந்தேதி ஜக்பால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஊர் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. பல வருஷமாக வளைத்து வைத்திருக்கிறேன், வீடு கட்டிவிட்டேன் என்பதெல்லாம் காரணம் ஆகாது என்றும் சொன்னது. அதே சமயம் நிலமில்லாத ஏழைகள், தாழ்த்தப்பட்டோருக்கு அரசு முறைப்படி கொடுத்த நிலத்துக்கு விலக்கு உண்டு. இதை மறந்துவிட்டு ஏழை குடிசையை மட்டும் பிரிப்பதும், பெரிய வேலியை பார்த்தும் பார்க்காமல் போவதும் பல ஊர்களில் நடக்கிற அநியாயம்.

தமிழகத்தில் ஏரிகளுக்கென்றே 2007-ல் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. மற்ற அரசு நிலங்களுக்கு 1905-ம் ஆண்டு சட்டம் இன்னும் இருக்கிறது. கிராமத்தில் பி-மெமோ என்பார்களே, அது இந்த சட்டத்தில் வருவதுதான். பி-மெமோ கையில் இருப்பதால் நிலம் சொந்தமாகிவிடாது. அது ஆக்கிரமிப்பு என்று அரசு எழுதி வைத்த கணக்கு, அவ்வளவே.

முதல் வேலை

முதலில் சர்வே நம்பர் தெரிய வேண்டும். அ-பதிவேட்டில் அந்த நம்பர் ஓடை என்று இருக்கிறதா, தரிசு என்று இருக்கிறதா என்பதை வைத்துத்தான் வழக்கே நிற்கும். இதை அரசின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம். வி.ஏ.ஓ.விடமும் கேட்கலாம். எல்லை தகராறு இருந்தால் புலப்படம் வாங்கி சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். பிறகு தாசில்தாரிடம் மனு. நடவடிக்கை இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் கூட்டம். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குவது முக்கியம். வாய்மொழியாக சொன்ன புகார் கோர்ட்டில் செல்லாது.

கிராம சபை தீர்மானம் போட்டாலே குவாரி நின்றுவிடும் என்று நினைக்க முடியாது. தீர்மானத்தை மீறியும் அனுமதி கொடுத்த சம்பவங்கள் உண்டு. ஆனாலும் ஊர் எதிர்த்தது என்பதற்கு அதுதான் எழுத்து ஆதாரம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1-ந்தேதிகளிலும் கிராம சபை கூட்ட 2022-ல் அரசு முடிவு செய்தது. 100 நாள் வேலை அட்டையை பதிய மட்டும் போய்விட்டு, தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையெழுத்து போட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.