ஜீவதசையில் எழுதவேண்டிய ஐந்தொகை

காரைக்குடிக்கு அண்மையில், கண்டனூரையும் பள்ளத்தூரையும் அண்டை ஊர்களாகக் கொண்டு, அரிசி ஆலைகளால் பெயர்பெற்று விளங்கும் புதுவயலிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும், ஒரு வீதியில் முகப்பும் மறு வீதியில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் பெரிய வீடுகள், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டுமே திறக்கப்படுவதை நாம் காண்கிறோம். அத்தகைய வீடொன்றின் வளவுக்குள் நுழைந்தால், நடுவாசலைச் சுற்றி வரிசையாக நிற்கும் அறைகளின் தேக்குக் கதவுகளில் கதவுக்கொரு பூட்டுத் தொங்கும். ஒன்றின் சாவி சென்னையிலும், மற்றொன்றின் சாவி சிங்கப்பூரிலும் இருக்கும். மூலப்பத்திரம் எவர் வசம் உள்ளதென்று கேட்டாலோ, பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கட்டியவருக்குப் பேரன் பேத்திகளும், அவர்களுக்குப் பிள்ளைகளுமாகப் பாத்தியதை கிளைவிட்டுப் பெருகியபின், ஓட்டை மாற்றுவதற்குக்கூட ஒருமித்த சம்மதம் கிடைக்காமல், மழை ஒழுகி, சுவர் சரிந்து, பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு விலைக்குப் போகும் நிலை நேருகிறது.

இந்த நிலை சோம்பலால் வந்ததும் அன்று. அன்பின்மையால் வந்ததும் அன்று. மரணத்தைப் பற்றி வாய்திறப்பதே அமங்கலம் என்னும் கூச்சத்தால், பேசவேண்டியவர்கள் பேசாமலே போய்விட்டதனால் வந்தது.

இத்தனைக்கும், கணக்கு என்பதை ஓர் ஒழுக்கமாகவே போற்றிய மண் இது. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொண்டுவிற்ற செட்டிநாட்டு வணிகரான நகரத்தார், சிட்டையும் பேரேடும் எழுதி, இருப்பையும் கடனையும் ஒருங்கே காட்டும் ஐந்தொகை கட்டி, அதனைக் குறித்த தவணையில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். மணமான மகனையும் மருமகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டே, தனி அடுப்பும் தனிச் செலவுப் பணமும் வகுத்துக் கொடுத்து ‘வேறு வைக்கும்’ வழக்கத்தையும் அவர்கள் கைக்கொண்டிருந்தார்கள். உறவு சேர்ந்தே இருக்கவேண்டுமானால் கணக்குப் பிரிந்திருக்கவேண்டும் என்ற உலகியல் ஞானம் அதில் இருந்தது. பிள்ளையில்லாத குடும்பம் அற்றுப்போகாதபடி, தத்தம் கோயில் பிரிவுக்குள்ளேயே பிள்ளை கூட்டிக்கொள்ளும் முறையும் அவர்களிடம் நிலவியது.

ஆயினும், மரணம் வரிசை தவறி வந்தபொழுது, இந்த ஏற்பாடுகளும் திணறியதுண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் கீழ்த்திசை நாடுகளிலும் தொழில் நடத்திய அருணாசலம் செட்டியார் என்ற நகரத்தாரின் வழக்கு அதற்குச் சான்று. அவருடைய மகன் 1934-இல் தந்தைக்கு முன்பே காலமானார். தந்தை 1938-இல், இலங்கையில் மரணச்சொத்து வரிச் சட்டம் அமலுக்கு வந்த சில காலத்துக்குள், காலமானார். இந்துக் கூட்டுக் குடும்பத்துச் சொத்துக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. ஆனால், குடும்பத்து ஆண்களில் தாம் ஒருவரே எஞ்சி நின்று இறந்தவரின் சொத்து, கூட்டுக் குடும்பத்துச் சொத்தா, தனி மனிதரின் சொத்தா என்ற வினா எழுந்தது. அது கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1957-இல்தான் முடிவுக்கு வந்தது. ஆண்கள் மறைந்த பின்னும் அந்த வீட்டில் பெண்கள் இருந்தார்கள். விதவைகள் பிள்ளை கூட்டிக்கொண்டதனால் குடும்பம் தொடர்ந்தது. ஆகவே அது கூட்டுக் குடும்பத்துச் சொத்தே என்று தீர்ப்பாயிற்று. நீதி கிடைத்ததென்னவோ உண்மைதான். ஆனால் அதற்கு 19 ஆண்டுகள் ஆயின.

இன்றைக்கு நம்மிடம் அந்த வரி இல்லை. இந்தியாவில் 1953-இல் பிறந்த எஸ்டேட் வரி 1985-இல் நீங்கிவிட்டது. சட்டமும் தெளிந்திருக்கிறது. உயில் எழுதாமல் காலமான இந்து ஆடவரின் சுயார்ஜிதச் சொத்து, 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் தாய்க்கும் சமபங்காகச் சேருகிறது. பிதுரார்ஜிதத்தில் பெண்மக்களுக்கும் பிறப்புரிமையை 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் மத்திய அரசும் சட்டமாக்கின. 2005-இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த உரிமை நிற்கும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ‘சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று’ என்று சொல்லி மகளைக் கணக்கிலிருந்து நீக்கும் பேச்சுக்கு, ஆகவே, சட்டத்தில் இடமில்லை. தர்மத்தில் அதற்கு முன்பும் இடமிருந்திருக்கக்கூடாது.

ஒருவர் மறைந்தபின் செய்யவேண்டிய காரியங்களில், உத்தரகிரியைகளைச் சொல்லித்தரப் பெரியவர்கள் உண்டு. மற்றவற்றைச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. 21 நாட்களுக்குள் மரணத்தைப் பதிவு செய்து, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளைத் தாராளமாக வாங்கிக்கொள்ளவேண்டும். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வட்டாட்சியரிடமிருந்து வாரிசுச் சான்றிதழ் பெறவேண்டும். அதன் பின்னரே வங்கி, காப்புறுதி, பென்ஷன், பட்டா மாறுதல் என்று ஒவ்வொன்றாக நகரும். வங்கியில் ‘நாமினி’ என்று எழுதப்பட்டவரே சொத்துக்கு உடையவர் என்று பலர் நம்புகிறார்கள். அவர் தொகையைப் பெற்று வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்கவேண்டிய பொறுப்பாளரே அன்றி வேறல்லர். பத்தாண்டுகள் எவரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடுகிறது. ஆயினும் அதன்மேல் உரிமை அழிவதில்லை. அதனைத் தேடிக் காண 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையவாசலையும் அவ்வங்கி திறந்திருக்கிறது.

இவ்வளவு அலைச்சலையும் பெரிதும் குறைக்கவல்லது ஒரு காகிதம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை. நல்ல சுயநினைவோடு எழுதிக் கையொப்பமிட்டு, அதனைக் கண்ணால் கண்ட இருவர் சாட்சிக் கையெழுத்திட்டால் அது செல்லும். ஆதாயம் பெறுகிறவர் சாட்சியாகாமல் இருப்பதும், வாரிசுகள் தூர தேசத்தில் இருந்தால் சார்பதிவாளர் முன் பதிவு செய்து வைப்பதும் விவேகம். அதனோடு கூட, உயிலில் அடங்காத ஒரு குறிப்பேடும் வேண்டும்: பத்திரம் எங்கே, பெட்டகச் சாவி எங்கே, எவருக்கு எவ்வளவு கடன், எவரிடமிருந்து வரவேண்டியது எவ்வளவு, கோயில் முறைக்கு வருஷந்தோறும் செலுத்துவது என்ன என்பவையெல்லாம் அதில் இருக்கவேண்டும். முன்னோர் கட்டிய ஐந்தொகையின் தொடர்ச்சியாகவே இதனை நான் கருதுகிறேன்.

கோட்டையூர் அழகப்பச் செட்டியாரை இங்கே நினையாதிருக்க இயலவில்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் வழங்கி, 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டக் கண்டு, தம் பொருள் எந்த நற்காரியத்துக்குப் போகிறது என்பதை ஜீவதசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் காலமான 1957-ஆம் ஆண்டிலேதான் மேற்சொன்ன அருணாசலம் செட்டியாரின் வழக்கும் முடிந்தது. ஜீவதசையிலேயே ஏற்பாடு செய்துவைப்பது என்பது பெருஞ்செல்வம் படைத்தோருக்கு மட்டும் உரிய பாடமல்ல. ஒரு மனைக்கட்டும், ஒரு வைப்புக் கணக்கும், ஐந்து பவுன் நகையும் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, பெற்றோரை நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த முறை பிள்ளைகள் அனைவரும் ஊருக்கு வந்து கூடும்பொழுது, பெட்டகத்தைத் திறந்து, உள்ளதைக் காட்டி, உங்கள் விருப்பத்தை மகன் மகள் என்ற பேதமின்றி எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அதை எழுதியும் வையுங்கள். பிள்ளைகளே, அந்தப் பேச்சைப் பெற்றோர் எடுத்தால், ‘இப்போது எதற்கு அப்பச்சி இதெல்லாம்’ என்று வாயை அடைத்துவிடாமல், அருகில் அமர்ந்து கேளுங்கள்.