கண்ணாடி செய்த வைத்தியம்

‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ எங்கே என்று கேட்டால் ராயபுரத்துப் பாட்டிமார்கள் உடனே கை காட்டுவார்கள். 1782-ம் வருஷப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. 1938ல் அங்கே மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது; கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்கு நிலைத்தது. துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளிலும் அடிபடும் ஏழைத் தொழிலாளிக்கு அந்த ஆஸ்பத்திரிதான் கதி. யந்திரத்தில் சிக்கிய கைகள் அத்தனை வந்ததாலோ என்னவோ, கைக்கென்றே ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவை 1971ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே தொடங்கினார்.

அந்தக் காலத்தில் அங்கே வைத்தியம் படித்தவர்தான் வி. எஸ். ராமச்சந்திரன். 1951ல் பிறந்தவர், அரசியல் நிர்ணய சபையில் பெயர் பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரர். பிள்ளைக்கு ஆராய்ச்சியில் நாட்டம்; தகப்பனாருக்கோ அவன் டாக்டராக வேண்டும் என்று ஆசை. நம் வீடுகளில் நடக்காத சங்கதியா! பிள்ளையாண்டான் இரண்டையும் விடவில்லை. கண் பார்ப்பதை மூளை எப்படிக் காட்சியாக்குகிறது என்பது பற்றி அவர் எழுதிய கட்டுரை 1972ல் பிரிட்டனின் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியாயிற்று. அப்போது அவர் ஸ்டான்லி மாணவர்தான்! பிறகு கேம்பிரிட்ஜ், அப்புறம் அமெரிக்காவில் ஸான் டியாகோ சர்வகலாசாலை.

அவர் பெயரை உலகறியச் செய்தது ஒரு விசித்திரமான வேதனை. கையை எடுத்த பிறகும் பலருக்கு அந்தக் கை இருப்பது போலவே தோன்றும். விரல் அரிக்கும். முஷ்டி இறுகி, நகம் உள்ளங்கையில் பதிவது போல் உயிர் போகும். இல்லாத கையை எப்படித் தடவிக் கொடுப்பது? வீட்டார் ‘பிரமை’ என்பார்கள். சிலர் வேப்பிலையைத் தேடவும் கூடும். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் அங்கம் இழந்த சிப்பாய்களைப் பார்த்த டாக்டர் வெய்ர் மிட்செல், இதற்கு ‘ஆவி அங்கம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். பெயர் கிடைத்தது, நிவாரணம் கிடைக்கவில்லை.

ராமச்சந்திரன் செய்த முதல் சோதனைக்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. கை இழந்த ஒருவரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். “கன்னத்தில் படுகிறது, இல்லாத கட்டை விரலிலும் படுகிறது!” என்றார் அவர். மூளையில் கைக்கு உரிய இடமும் முகத்துக்கு உரிய இடமும் அண்டை வீடுகள். கை வீடு காலியானதும் பக்கத்து வீட்டார் புகுந்துவிட்டார்கள்!

அடுத்தது கண்ணாடி. ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை ஒரு பக்கம் விடச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் போன கை திரும்பி வந்தது போலத் தெரியும். நல்ல கையை அசைத்தால் அதுவும் அசையும். பத்து வருஷமாக இல்லாத கை மரத்துக் கிடப்பதாகத் தவித்த ஒருவர், அதைப் பார்த்ததும் “அசைகிறது!” என்று கூவிவிட்டார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டு போய்ப் பழகினார். மூன்று வாரத்தில் அந்த மாயக் கையும் முழங்கை வலியும் மறைந்தன. விரல்கள் மட்டும் தோளில் தொங்குவதாகச் சொன்னாராம்! எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. பிற்காலச் சோதனைகளில் பலன் கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. வலியுள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சகோதரிகள் வேடிக்கைக்குச் செய்து பார்க்கலாம். முகம் பார்க்கும் கண்ணாடியை மேஜை மேல் நெஞ்சுக்கு நேரே செங்குத்தாக நிறுத்தி, இரு பக்கமும் இரண்டு கைகளை வையுங்கள். கண்ணாடியில் தெரியும் கையையே பார்த்துக்கொண்டு, முன்னால் உள்ள கையை மட்டும் ஆட்டுங்கள். மறைந்திருக்கும் கையில் ஏதோ குறுகுறுக்கும்!

காண்பது, நினைவில் வைப்பது, கவனிப்பது இவற்றை ஆராயும் மனோதத்துவப் பிரிவுக்கு, அமெரிக்கரான நைஸர் 1967ல் எழுதிய புத்தகம் பெயரையே நிலைநாட்டியது. நம் தேசத்தில் இந்தச் சாஸ்திரத்துக்கு முதல் இலாகா 1916ல் கல்கத்தாவில் ஏற்பட்டது. சென்னை சர்வகலாசாலை 1943ல் தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்தவர் டாக்டர் ஜி. டி. போவாஸ். வைத்தியம் படிக்காமலே இந்தப் படிப்புக்குப் போகலாம். பெண் கேட்டால், ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் படிப்பா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியிலேயே பி.எஸ்ஸி.க்கு இடம் உண்டு.

அந்தச் சோதனைச் சாலைகளிலும் ஒரு கண்ணாடி உண்டு. காகிதத்தில் அச்சடித்த நட்சத்திரத்தை நேரே பார்க்கக் கூடாது; கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே அதன் கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் தடவை பென்சில் நாலா பக்கமும் ஓடும். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு கை மெள்ள மெள்ளக் கோட்டுக்கு அடங்கி வரும். அதைக் கணக்கெடுத்து நோட்டில் எழுத வேண்டும்.